கடைக்காரர் சொன்னது கணினிக் கோடாக (code) மாறும் வரை: மாணவர் புராஜெக்ட்டில் பேச்சு எங்கே அறுந்து போகிறது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பினாங்கில் கடைசி ஆண்டு மென்பொருள் படிக்கும் ஐந்து பேர் கொண்ட குழு. இருவர் தமிழர், இருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர். வாடிக்கையாளர், லெபோ பாசாரில் மளிகையும் பூசைப் பொருளும் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்காரர். சரக்கு இருப்பும் கடன் கணக்கும் பார்க்க ஒரு சிஸ்டம் கேட்டிருக்கிறார். பதினான்கு வாரப் பருவத்தில் இது ஆறாவது வாரம். போகும்போதெல்லாம் அங்கிள் புதிதாக ஒன்று சொல்கிறார். குழுவில் ஒருவர் வாட்ஸ்அப்பில் பதிலே போடுவதில்லை. லாகின் பக்கம் மட்டும் அழகாக முடிந்திருக்கிறது. சிஸ்டம் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தரும் தேவை ஆவணத்தை விரிவுரையாளர் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே தப்பு, இனி என்ன செய்வது?

உங்கள் விவரத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: அங்கிளிடம் லீடர்தான் பேசுவார், வந்து எங்களுக்கு குரூப்பில் போடுவார். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வாடிக்கையாளர் சொல்வது, அதைக் கோடாக எழுதப் போகிறவர் காதில் நேராக விழ வேண்டும். அவர் எழுதியது சீக்கிரமாக வாடிக்கையாளர் கண்ணில் பட வேண்டும். இந்த இரண்டு தூரத்தையும் குறைத்தால் உங்கள் தொல்லைகளில் பாதிக்கு மேல் அடங்கிவிடும். மீதிக்கும் வழி இருக்கிறது, வருகிறேன்.

ஒரு தேவை கைமாறக் கைமாற எப்படித் தேய்ந்து போகிறது என்று பாருங்கள். கடைக்காரர் சொல்கிறார்: "யார் யாரு எவ்வளவு பாக்கின்னு தெரியணும்பா." லீடர் குரூப்பில் போடுகிறார்: கடன் தொகையைக் காட்ட வேண்டும். டேட்டாபேஸ் செய்பவர் வாடிக்கையாளர் அட்டவணையில் ஒரு கட்டம் சேர்க்கிறார். ஸ்கிரீன் செய்பவர் பெயருக்கு நேரே ஓர் எண்ணைக் காட்டுகிறார். அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். டெமோ அன்று கடைக்காரர் பார்த்துவிட்டு, "இது எந்த பில்லோட காசு? யாரு வந்து எடுத்தா?" என்கிறார். சாப்பாட்டுக் கடைக்குச் சரக்கு எடுக்க வருவது அங்கே வேலை செய்யும் பையன். மாதக் கடைசியில் பணம் கட்டுவது அவனுடைய முதலாளி. "நான் இவ்வளவு எடுக்கலையே" என்று அந்த முதலாளி சொல்லும்போது தேதி, பில், எடுத்தவர் பெயர் மூன்றையும் காட்ட வேண்டும். மொத்தத் தொகை கடைக்காரருக்கு ஏற்கெனவே மனப்பாடம். அவருக்கு வேண்டியது சாட்சி. உங்களுக்கு இது புதிதாக ஒன்று கேட்பதுபோல் தெரிகிறது. அவர் முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான்.

லீடர் மட்டும் பேசுவது என்று ஏன் முடிவெடுத்தீர்கள் என்பதும் புரிகிறது. எல்லோரும் பேசினால் குழப்பம். ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத் திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ், ஆள் கூடக் கூடப் பேச்சுத் தொடர்புகள் அதைவிட வேகமாகப் பெருகும் என்று 1975இலேயே எழுதிவைத்தார். ஐந்து பேர் என்றால் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 வழிகள். கடைக்காரரையும் விரிவுரையாளரையும் சேர்த்தால் 21. அதனால் ஒரே வழியாக அடக்கிவிடலாம் என்று தோன்றுவது இயற்கை. ஆனால் அந்த ஒரு வழியில் நிற்பவர் எதை மறந்தாலும், எதைத் தன் போக்கில் புரிந்துகொண்டாலும், மற்ற நால்வருக்கும் அது தெரியவே தெரியாது.

நான் சொல்லும் ஏற்பாடு இது. வாக்குக் கொடுப்பது ஒருவர் மட்டும். கேட்பது எல்லோரும். "இது இந்தத் தேதிக்கு வரும்" என்று கடைக்காரரிடம் சொல்லும் உரிமை லீடருக்கு மட்டும் இருக்கட்டும். கடைக்குப் போகும்போது குறைந்தது இருவர் போக வேண்டும். அந்த இருவரில் ஒருவர், அந்த வாரம் பேசப்படும் பகுதியை எழுதப் போகிறவராக இருக்க வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது என்பது ஒரு காரணமே இல்லை. கல்லாவில் நடப்பதைப் பார்க்க மொழி தேவையில்லை. கேள்வி கேட்க மலாய் போதும். லெபோ பாசாரில் அரை நூற்றாண்டாகக் கடை நடத்துகிறவர்களுக்கு மலாயில் வியாபாரம் பேசத் தெரியாதா என்ன?

அடுத்த தடவை போகும்போது கேள்விப் பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். காலைக் கூட்டம் தணிந்த நேரமாகப் பார்த்துப் போய், அங்கிளிடம் அனுமதி கேட்டு, ஓரமாக ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் எந்த மனிதரும் தான் ஏற்கெனவே எங்கோ பார்த்த ஒன்றைத்தான் சொல்வார். மருமகன் கடையில் பார்த்த டேஷ்போர்டு, பேங்க் செயலியில் பார்த்த வட்டப் படம், இப்படி. வேலை செய்வதைப் பார்த்தால் உண்மையான தேவை தெரியும்.

நான் வழிகாட்டிய ஒரு குழு இப்படி நின்று பார்த்ததில் கண்டது ஒன்றைச் சொல்கிறேன். அந்தக் கடையில் கடன் கணக்கு முழுவதும் 555 புத்தகத்தில்தான் இருந்தது. நம் நாட்டில் கடன் கொடுத்த எந்தக் கடைக்காரரையும் கேட்டுப் பாருங்கள், அந்தச் சின்ன நோட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் எங்காவது இருக்கும். ஆளுக்கு ஒரு பக்கம். கட்டி முடித்ததும் குறுக்கே ஒரு கோடு. சில பக்கங்களின் மூலை மட்டும் மடிந்திருந்தது. பழைய நோட்டு, தானாக மடிந்தது என்று மாணவர்கள் நினைத்தார்கள். கல்லாவில் உட்கார்ந்திருந்த அக்கா சொன்னார்: "வெள்ளிக்கிழமை தரேன்னு சொன்னவங்க அது. கொடுத்ததும் மடிப்பை நிமிர்த்திடுவேன்." பணம் தருவதாகச் சொன்ன தேதி என்ற ஒரு முழு வசதி, மடித்த காகித மூலையில் உட்கார்ந்திருக்கிறது. கடைக்காரர் அதை எந்தச் சந்திப்பிலும் சொன்னதில்லை. அவருக்கே அது ஒரு விஷயமாகத் தோன்றியிருக்காது.

அந்த அக்காவைக் கவனியுங்கள். உங்கள் கடைக்காரரின் கல்லாவிலும் அப்படி ஒருவர் இருப்பார். உங்களிடம் பேசுவது முதலாளி. உங்கள் சிஸ்டத்தில் நாள் முழுக்க விரலை வைக்கப் போவது கல்லாவில் இருப்பவர். முதலாளிக்கு மாதக் கடைசியில் லாபக் கணக்கு வேண்டும். அக்காவுக்கு வரிசையில் ஆள் நிற்கும்போது மூன்று தட்டலில் பில் முடிய வேண்டும். இருவர் சொல்வதும் முட்டிக்கொள்ளும் இடங்கள் வரும். அவற்றை நீங்களாகத் தீர்க்கப் பார்க்காதீர்கள். இரண்டு வகையிலும் காகிதத்தில் வரைந்து இருவர் முன்னாலும் வையுங்கள், அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள். முதலாளி இருக்கும்போது பேசத் தயங்குவார் என்று தோன்றினால் அக்காவிடம் முதலில் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மளிகைக் கடை என்பதால் அளவுகளைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசியாக வேண்டும். அரிசியும் பருப்பும் மூட்டையாக வருகிறது, கிலோவாகப் போகிறது. சீரகம் 100 கிராம் பாக்கெட். வாழையிலை கட்டு. தேங்காய் எண்ணிக்கை, தைப்பூசம் வந்துவிட்டால் ரதம் போகும் வழியில் உடைக்க அது மூட்டை மூட்டையாகக் கணக்காகும். இருப்பு எழுதுபவர் மூட்டையை ஒன்று என்று வைத்து, பில் எழுதுபவர் கிலோவை ஒன்று என்று வைத்தால், தனித்தனியே ஓட்டிப் பார்க்கும்போது இரண்டும் சரியாகவே வேலை செய்யும். சேர்க்கும் நாளில்தான் இருப்பு மைனஸ் இருபத்து மூன்று என்று காட்டும்.

இது மாணவர்கள் மட்டும் செய்யும் தப்பில்லை. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை அடைந்த வேளையில் தொலைந்து போனது. லாக்ஹீட் மார்ட்டின் தந்த தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் ஒரு கணக்கை பவுண்டு அளவில் கொடுத்தது. வாங்கிய பக்கம் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. இரண்டு பக்கமும் தேர்ந்த பொறியாளர்கள். விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் குழுக்களுக்கிடையே தகவல் தொடர்பு போதாமல் இருந்ததும் ஒன்று. இன்றைக்கே ஐவரும் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: எந்தப் பொருள் எந்த அளவில் டேட்டாபேஸில் நிற்கும், ஒரு மூட்டை எத்தனை கிலோ, அதை யார் மாற்றலாம். அந்தப் பக்கத்தைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். "இந்த மூட்டை 25, அந்த மூட்டை 50" என்று அவர் திருத்துவார் பாருங்கள்.

பணத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு. 2008 ஏப்ரல் 1 முதல் இங்கே ரொக்க பில்லின் மொத்தத்தை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிக்கட்டுகிறோம். 12 வெள்ளி (ரிங்கிட்) 42 சென் என்றால் 12.40, 43 சென் என்றால் 12.45. சரிக்கட்டுவது மொத்தத்தை மட்டும், ஒவ்வொரு பொருளின் விலையையும் அல்ல. கியூஆரிலோ அட்டையிலோ கட்டினால் சரிக்கட்டல் கிடையாது. கடன் பில்லில் எப்போது சரிக்கட்டுவது, சரக்கு எடுக்கும்போதா, பணம் கட்டும்போதா? இதை கோடு எழுதும் மாணவர் இரவு இரண்டு மணிக்குத் தன் விருப்பப்படி முடிவு செய்யக் கூடாது. கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்டால் அரை நிமிடத்தில் பதில் கிடைக்கும்.

அடுத்து, போகும்போதெல்லாம் புதிதாக ஒன்று சொல்கிறார் என்கிற குறை. இதில் நம் வளர்ப்புக்கும் பங்கு உண்டு. வயதில் மூத்தவர், தண்ணி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பேசுகிறார். "கடை வாசல்ல கேமரா இருக்கே, அதையும் இதுல பார்க்கலாம்ல தம்பி?" என்று கேட்கிறார். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வாய் வராது. "பார்க்கலாம் அங்கிள்" என்கிறோம். நம் கணக்கில் அது ஒரு மரியாதைப் பேச்சு. அவர் கணக்கில் நீங்கள் ஒப்புக்கொண்டாயிற்று. அடுத்த வாரம் கேட்பார், கேட்காமல் என்ன செய்வார்?

மரியாதையும் குறையாமல் வாக்கிலும் மாட்டாமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. இருக்கும் நேரத்தை அவர் முன்னால் வைத்து, தேர்ந்தெடுக்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள். "செய்யலாம் அங்கிள். ஆனா எங்களுக்கு இன்னும் எட்டு வாரம்தான் இருக்கு. கேமராவை எடுத்தா கடன் கணக்கு முடியாது. உங்களுக்கு எது முதல்ல வேணும்?" வியாபாரிக்கு இது நன்றாகவே புரியும். கையில் இருக்கும் பணத்துக்கு எந்தச் சரக்கை எடுப்பது, எதை விடுவது என்று தினமும் முடிவெடுக்கிறவர் அவர். நான் பார்த்தவரை பெரும்பாலான கடைக்காரர்கள் "சரி, கேமரா அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அந்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள். மாணவர்கள்தான் கேட்கவே பயப்படுகிறார்கள்.

பேசி முடித்த அன்றே, படி இறங்கிப் பேருந்து நிறுத்தத்துக்குப் போவதற்குள், அவருக்கு ஒரு செய்தி போய்விட வேண்டும். நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"அங்கிள், இன்னைக்குப் பேசினது. பாக்கி பக்கத்துல பில் தேதியும் எடுத்தவர் பேரும் வரும். கேமரா இப்போ இல்லை. அடுத்த செவ்வாய் காலைல பாக்கி பக்கத்தைக் கொண்டுவந்து காட்டுறோம். ஏதாவது தப்பா இருந்தா சொல்லுங்க."

அவர் தட்டச்சு செய்து பதில் போட மாட்டார். குரல் செய்திதான் வரும், அதிலும் பாதி கடைச் சத்தமாக இருக்கும். பரவாயில்லை. அதைக் கேட்டு இரண்டு வரி எழுதிக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். மூன்று வாரம் கழித்து "நான் அப்படிச் சொல்லலையே" என்ற பேச்சு வந்தால், சண்டை போடாமல் பழைய செய்தியைத் திறந்து இருவரும் சேர்ந்து பார்க்கலாம். பல தடவை அவர் சொன்னது சரியாகவும் நீங்கள் எழுதியது தப்பாகவும் இருக்கும். அதுவும் அப்போதுதான் தெரியவரும்.

இந்தக் குறிப்பு எந்த மொழியில் இருப்பது? கடைக்காரருக்குப் போவது தமிழில். குழுவுக்குப் போவது ஐவரும் படிக்கிற மொழியில், மலாயோ ஆங்கிலமோ, முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தமிழர் இருவர் என்றீர்கள். நீங்கள் இருவரும் தமிழில் தனியாகப் பேசி முடிவெடுத்துவிட்டு, முடிவை மட்டும் குரூப்பில் போட்டால், மற்ற மூவரும் மெல்ல விலகிப் போவார்கள். யாரும் சொல்லிக் காட்ட மாட்டார்கள், ஆனால் விலகுவார்கள். இன்னொரு ஆபத்து உங்கள் பக்கமே இருக்கிறது. பருவம் முழுக்க நீங்கள் இருவரும் மொழிபெயர்ப்பு வேலையே செய்துகொண்டிருந்தால், கடைசியில் உங்கள் பெயரில் கோடு இருக்காது. வாடிக்கையாளரைக் கையாண்டதெல்லாம் மதிப்பெண் போடும்போது யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் குறிப்பு எழுதுவது, சந்திப்பு ஏற்பாடு செய்வது எல்லாவற்றையும் பணிப் பட்டியலில் வேலையாகவே எழுதி, பெயர் போட்டு, சுற்றிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் பதில் போடாதவரைப் பற்றி இனிப் பேசலாம். குரூப்பில் அவர் பெயரை டேக் செய்து "என்ன ஆச்சு?" என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்க, பதில் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர் இன்னும் ஒளிந்துகொள்ளத்தான் செய்வார். பேசாமல் போகிற மாணவர்களில் உண்மையிலேயே அக்கறை இல்லாதவர்கள் குறைவு. இரவெல்லாம் டெலிவரி ஓட்டிவிட்டு வருகிறவர் இருக்கிறார். வீட்டில் உடம்பு சரியில்லாதவரைப் பார்த்துக்கொள்கிறவர் இருக்கிறார். எல்லாவற்றையும்விட அதிகம், கொடுத்த வேலை புரியாமல், புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, நாள் தள்ளிக்கொண்டே போகிறவர்கள். முதல் வாரம் கேட்டிருந்தால் பத்து நிமிட விளக்கம். ஆறாவது வாரத்தில் அது மலையாகிவிடுகிறது.

ஒருவர் மட்டும் போய் நேரில் பேசுங்கள், அவரோடு நன்றாகப் பழகுகிறவராக இருந்தால் நல்லது. என்ன நிலைமை என்று முதலில் கேட்டுவிட்டு, இரண்டு நாளில் முடிகிற ஒரு வேலையை அவரோடு உட்கார்ந்து தொடங்கிவையுங்கள். டேட்டாபேஸ் முழுக்க உன் பொறுப்பு என்பது வேலை கொடுப்பதாகாது. கடன் வாங்கியவரின் பில்களைத் தேதி வரிசையில் எடுக்கிற ஒரு பகுதி என்றால் அது வேலை. சேர்ந்து எழுதினால், ஒரே கமிட்டில் (கோடு மாற்றத்தின் பதிவில்) இருவர் பெயரையும் போடுகிற வசதி, கோடைச் சேர்த்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். இதற்கும் அசையவில்லை என்றால், சொல்லப்போகிறோம் என்று அந்த மாணவரிடமும் சொல்லிவிட்டு, எட்டாவது வாரத்துக்குள் விரிவுரையாளரிடம் சொல்லிவிடுங்கள். பதின்மூன்றாவது வாரத்தில் போய்ச் சொன்னால் அது புகாராக மட்டுமே இருக்கும், யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது.

சந்திப்புகள். ஸ்கிரம் என்ற குழுவேலை முறையில் தினமும் 15 நிமிடம் என்பார்கள். அது முழு நேர வேலைக்காரர்களுக்கு. உங்களுக்கு வாரத்தில் மூன்று போதும், ஒன்றாவது நேரில். மாமாக் உணவுக் கடையில் தே தாரிக் டீயோடு உட்கார்ந்து பேசுவது எனக்கும் பிடிக்கும், நல்ல யோசனைகள் அங்கேதான் பிறக்கின்றன. ஆனால் மேசையை விட்டு எழுவதற்கு முன் என்ன முடிவு, யார் செய்வது, எப்போது என்று மூன்று வரி குரூப்பில் போட்ட பிறகுதான் எழ வேண்டும். வராதவரும் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லாகின் பக்கம் மட்டும் முடிந்திருப்பது எனக்கு ஆச்சரியமில்லை. யாரையும் கேட்காமல் செய்யக்கூடிய ஒரே பகுதி அதுதான், அதனால்தான் எல்லாக் குழுவும் அங்கே தொடங்குகிறது. அதை அப்படியே விட்டுவிடுங்கள். இனி ஒரே ஒரு இழையை முதலிலிருந்து கடைசி வரை இழுங்கள்: ஒரு பொருள், ஒரு கடன் வாடிக்கையாளர், ஒரு பில். பருப்பு இரண்டு கிலோ கடனில் போகிறது, இருப்பு குறைகிறது, பாக்கி பக்கத்தில் தேதியோடு ஏறுகிறது, பாதிப் பணம் கட்டுகிறார், மீதி நிற்கிறது. இது அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை, ஓட வேண்டும். ஐவரின் பகுதிகளும் இதில் ஒன்றையொன்று தொட்டாக வேண்டியிருப்பதால், பேசாமல் தப்பிக்க யாருக்கும் வழியில்லை. தனித்தனி பிராஞ்சில் (கோடின் தனிப் பிரதியில்) மாதக்கணக்கில் எழுதிக் கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக மெர்ஜ் செய்கிற குழுக்களுக்கு என்ன நடக்கும் என்று உங்கள் சீனியர்களைக் கேளுங்கள். இரண்டு நாளுக்கு மேல் யாருடைய வேலையும் அவரவர் கணினியில் தனியாகக் கிடக்கக் கூடாது.

அந்த இழை ஓடியதும் கடைக்குக் கொண்டுபோங்கள். டெமோவில் மவுஸ் உங்கள் கையில் இருக்கக் கூடாது. அக்கா கையில் கொடுத்துவிட்டு, "மணி அண்ணன் கடைக்கு ரெண்டு கிலோ பருப்பு கடன்ல போடுங்க அக்கா" என்று மட்டும் சொல்லுங்கள். பிறகு வாயைத் திறக்காதீர்கள். இது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால் தெரியும். எந்தப் பொத்தானைத் தேடுகிறார், எங்கே நிற்கிறார், எதைப் பார்த்து முதலாளியைத் திரும்பிப் பார்க்கிறார் என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கட்டும். இதை எழுதிய மாணவர் அங்கே நின்று பார்க்க வேண்டும். தான் எழுதிய பக்கத்தில் ஒருவர் தடுமாறுவதைக் கண்ணால் பார்த்தவர், அன்று இரவே திருத்திவிடுவார், யாரும் சொல்லத் தேவையில்லை. 1990களின் கடைசியில் மென்பொருள் பொறியாளர் கென்ட் பெக் முன்வைத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற மென்பொருள் எழுதும் முறையில், வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் குழுவோடு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று இருந்தது. கடைக்காரர் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வர மாட்டார். நீங்கள் வாரம் ஒரு காலையாவது அவர் கடையில் உட்காரலாம்.

விரிவுரையாளர் திருப்பி அனுப்பும் ஆவணம் பற்றிச் சுருக்கமாக. 2001இல் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி, மென்பொருளை எப்படி உருவாக்குவது என்று எழுதிய அஜைல் அறிக்கையைக் காட்டி, ஆவணமே வேண்டாம் என்று வாதாடும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அறிக்கை ஓடும் மென்பொருளுக்கு அதிக மதிப்புத் தருகிறது, ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அதிலேயே இருக்கிறது. உங்கள் ஆவணம் திரும்பி வருவதற்குக் காரணம், 'சிஸ்டம் பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்' போன்ற வரிகளாகத்தான் இருக்கும். யாராலும் சோதிக்க முடியாத வரி அது. கடையில் நின்று பார்த்த பிறகு எழுதுங்கள்: கல்லாவில் இருப்பவர் ஏற்கெனவே பதிவான வாடிக்கையாளருக்கு மூன்று பொருள் கொண்ட கடன் பில்லை ஒரு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். இப்படி எழுதினால் விரிவுரையாளரும் ஒப்புக்கொள்வார், உங்களுக்கும் எதைச் சோதிப்பது என்று தெரியும்.

காலண்டரையும் பாருங்கள். தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வரும். அதற்கு முந்தைய மூன்று வாரம் மளிகைக் கடைக்காரர் உங்களோடு பேச மாட்டார், பேசச் சொல்லவும் கூடாது. பூசைப் பொருள் கடை என்றால் தைப்பூசத்துக்கு முன்பும் அப்படித்தான். உங்கள் பருவத்தில் அந்த வாரங்கள் வந்தால், கேள்விகளையெல்லாம் அதற்கு முன்பே கேட்டு முடித்துவிட்டு, அந்த நாள்களைக் கோடுக்கும் சோதனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் பாடத்தில் அழுத்திச் சொல்வதில்லை. அவருடைய 555 புத்தகத்தைப் படம் பிடித்துச் சோதனைத் தகவலாகப் போட்டு, அதைப் பொதுவில் திறந்திருக்கும் கிட்ஹப் கணக்கில் ஏற்றிவிடாதீர்கள். யார் யாரிடம் எவ்வளவு கடன், எந்தத் தொலைபேசி எண் என்பதெல்லாம் அவரை நம்பிய மனிதர்களின் விவரம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15 முதல் நடப்பில் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் இது செய்யக் கூடாத காரியம். பெயரையும் எண்ணையும் நீங்களே கற்பனையாகப் போட்டுக்கொள்ளுங்கள். குழுவில் ஐவருக்கும் இது தெரிந்திருக்கிறதா என்று வாய்விட்டுக் கேளுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் இருந்தாலும் போதும், விவரம் வெளியே போய்விடும்.

கடைசியாக, பதினான்காவது வாரத்துக்குப் பிறகு என்ன என்பதை இந்த வாரமே கடைக்காரரிடம் பேசிவிடுங்கள். நீங்கள் பயிற்சிக்காகப் பாயான் லெப்பாஸ் பக்கமோ கோலாலம்பூருக்கோ போய்விடுவீர்கள். அவருடைய கடை அங்கேயேதான் இருக்கும். பருவம் முடிந்ததும் யாரும் போனை எடுக்காமல், சர்வர் வாடகை கட்டப்படாமல் ஒரு நாள் காலையில் கணக்கே திறக்காத நிலையில் எந்தக் கடைக்காரரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. முடிந்தால் இணையச் சர்வரே வேண்டாத மாதிரி அவர் கணினியிலேயே ஓடட்டும். எல்லாக் கணக்கையும் ஒரே பொத்தானில் எக்ஸெல் கோப்பாக எடுக்கும் வசதியை, மற்ற எதைவிட்டாலும், விடாமல் செய்துகொடுங்கள். கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். உங்கள் சிஸ்டம் ஓடத் தொடங்கிய முதல் மாதம் 555 புத்தகத்தையும் பக்கத்திலேயே வைத்து எழுதச் சொல்லுங்கள். அக்காவோடு உட்கார்ந்து வாரம் ஒருமுறை இரண்டையும் ஒப்பிட்டு, எந்தப் பெயரில் எத்தனை வெள்ளி வித்தியாசம் வருகிறது என்று பாருங்கள். அந்த வித்தியாசங்கள்தான் உங்கள் கடைசி இரண்டு வாரத்துக்கான வேலைப் பட்டியல்.